முற்றுப்புள்ளி வரைக்கும் எழுதினோம்

ஜெராக்ஸ் எந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த தாளுக்கு ஒரு சூடு உண்டு; காய்ச்சல் கண்டவரின் உள்ளங்கையைத் தொட்டது போலிருக்கும். சென்ற வாரம் என் ஆய்வேட்டுப் பக்கங்களைப் பிரதியெடுக்கக் காரைக்கால் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் நீட்டிய கட்டின் மேல் வேறு யாருடையதோ ஒரு தாள் தவறுதலாக வந்து அமர்ந்திருந்தது. மேலே ஆங்கிலத்தில் ஒரு பத்தி. கீழே கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் விடை எழுத வெற்றுக் கோடுகள்.

"அது ஒங்களுது இல்லம்மா. காலேஜ் புள்ளைங்களுது, குடுங்க" என்றார் கடைக்காரர். நானும் காலேஜ் பிள்ளைதான் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. தோன்றுவதைச் சொல்லாமலிருப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. ஆனால் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளை ஒருமுறை முகர்ந்துகொண்டேன். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

சூடான அந்த மையின் மணத்தோடு எனக்கு எப்போதும் சுறாப்புட்டின் மணமும் சேர்ந்தே வரும். முறையற்ற சேர்க்கைதான், அதற்குப் பொறுப்பு என் வகுப்புத் தோழி மகா. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் பருவத்தில் அடிப்படை ஆங்கில வகுப்பு ஒன்று உண்டு. இலக்கணம், சொல்வளம், படித்துப் புரிந்துகொள்ளுதல். பருவ முடிவில் ஒரு தேர்வு. அதில் தேறாதவர்களை வேறு துறைக்கு மாற்றிவிடுவார்கள். வகுப்பு மதிய உணவுக்கு அடுத்த மணியில் நடந்தது. மகாலட்சுமி என்னும் மகா என் பக்கத்தில் அமர்ந்து, பாடம் தொடங்கிய பிறகும் சுறாப்புட்டு டப்பாவை மூட மனமில்லாமல் வைத்திருப்பாள். கிளிஞ்சல்மேட்டுப் பெண். அப்பாவும் அண்ணனும் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள்.

"மீன் தின்னா மூள வளரும்டி நெல்லுக்காரி. ரெண்டு வாய் தின்னு, கிராமர் தன்னால வரும்" என்பாள். நான் நிரவியிலிருந்து வருகிறவள், எங்கள் வீட்டில் வயல் உண்டு. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. என் பெயரை அவள் அழைத்ததாகவே நினைவில்லை. சுறாப்புட்டு தின்றேன். இலக்கணம் தன்னால் வரவில்லை.

அவள் ஏன் ஆங்கிலம் எடுத்தாள் என்பதற்குத் துறையிலேயே மிகத் தெளிவான காரணத்தை வைத்திருந்தாள். நாங்கள் மற்றவர்கள் வேலை என்றோ மதிப்பு என்றோ மழுப்புவோம். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கையில் படகுகளைப் பிடிக்கும்போது செய்தி முதலில் ஆங்கிலத்தில்தான் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது என்றாள் அவள். "தமிழ்ல வர்றதுக்குள்ள எங்க ஊரு பொம்பளைங்களுக்கு உசுரு போயி உசுரு வருது. படிச்சு சொல்ல ஒரு ஆளு வேணும்ல?"

அந்த ஆள் அவள்தான் என்று ஊர் ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தது. கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் தெருவில் அவள் பெயர் வக்கீலம்மா.

புரிந்துகொள்ளுதல் பகுதியில் எங்கள் வகுப்பு வெகு கெட்டி. காரணம், பள்ளிக்கூடத்திலிருந்தே நாங்கள் கைவசம் வைத்திருந்த ஒரு வழி. நீங்களும் படித்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பத்தியைப் படிக்கக் கூடாது, நேரம் வீணாகும். நேரே கேள்விக்குப் போக வேண்டும். அதிலுள்ள பெரிய சொல் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பத்தியில் விரலை ஓட்ட வேண்டும். அந்தச் சொல் எந்த வரியில் தென்படுகிறதோ, அந்த வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் பெயர்த்து எழுத வேண்டும். மகா இதற்குத் தூண்டில் போடுதல் என்று பெயர் வைத்திருந்தாள். கேள்விச் சொல் இரை, பத்தி கடல், "கடிச்ச எடத்துலேர்ந்து புள்ளி வரைக்கும் இழு, அவ்ளோதான்." பத்துக்குப் பத்து விழும். இந்தக் கலையில் நான் அவளையும் மிஞ்சியவள் என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

எங்கள் ஆசிரியை தற்காலிகப் பணியில் இருந்த இளம்பெண். மயிலாடுதுறைப் பக்கமிருந்து பூவம் வழியாகப் பேருந்தில் வந்துபோனார். மூச்சு வாங்க நுழைந்து, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றி, சூடு ஆறாத தாள்களை விநியோகிப்பார். விடைகளைத் திருத்த அவரிடம் ஒரு குறிப்பு இருந்தது. குறிப்பிலுள்ள வரி தாளில் இருந்தால் மதிப்பெண். அதில் அவர்மேல் குற்றமில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான்.

ஒரு புதன்கிழமை திருத்திய தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றதும் அறைக்குள் வேதியியல் கூடத்தின் பழைய நெடி எழும்பியது; முன்பு அது அமிலப் புட்டிகள் வைத்திருந்த அறை. ஜன்னல்களைத் திறந்தோம். பொழுது போக வேண்டுமே என்றுதான் கேட்டிருப்பார்: "எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. இந்தப் பத்தில என்ன நடந்துச்சு? தமிழ்லயே சொல்லுங்க."

எல்லோரும் தாளைக் குனிந்து பார்த்தோம். கூச்சம் என்று நினைத்திருப்பார்.

"கடலப் பத்தி மேம்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"கடல்ல என்ன?"

"போட்டு போகுது மேம்."

"போயி?"

"போயிட்டு வருது."

"மகா, நீ சொல்லு. தம்பிக்கு என்ன ஆச்சுன்னு மூணாவது கேள்வி. அழகா எழுதியிருக்கியே."

அழகாகத்தான் எழுதியிருந்தாள். மகாவுக்கு மினுக்குப் பேனாக்களில் மோகம். சரியென்று உறுதியான விடைகளைச் சுற்றி இளஞ்சிவப்பில் பூக்கொடி வரைவாள். எழுந்து நின்று அந்த வரியை ஆங்கிலத்தில் பிசகில்லாமல் வாசித்தாள்.

"சரி. அர்த்தம்?"

மகா தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் தாளைப் பார்த்தேன். அங்கேயும் அதே வரி, என் கையெழுத்தில், அதே பத்து மதிப்பெண்ணோடு. அந்த வரியை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவள் போல் விழித்தேன்.

ஆசிரியை தாளைக் கையில் வாங்கி, தமிழில் மெல்லச் சொன்னார். அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போகிறார்கள். காற்று திரும்புகிறது. அண்ணன் கரை சேர்கிறான். இளையவனைக் கடல் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அவர்களுடைய தாய் நெடுநாள் வரை இரண்டு தட்டுகளிலும் சோறு போட்டு வைக்கிறாள்.

"செத்துட்டானா மேம்?" என்றாள் மகா.

"ஆமாம்மா."

"ஸீ தெரியும் மேம் எனக்கு. கெப்ட் தெரியும். எல்லா வார்த்தையும் தெரியும்." தன் தாளை நோக்கிக் கை நீட்டினாள். "நான் அதச் சுத்திப் பூ போட்டு வச்சிருக்கேன்."

கடலுக்கு ஆள் அனுப்பும் வீட்டுப் பெண்கள் அந்த அறையில் பாதிப்பேர். ஒரு மரணத்தை அத்தனைபேரும் கூட்டாக, சுத்தமாக, முற்றுப்புள்ளி தவறாமல் எழுதிக் கொடுத்திருந்தோம். ஆசிரியையின் முகம் எங்களைவிட வெளுத்திருந்தது. மேசை மேலிருந்த தாள்கட்டை அவர் தொடவே அஞ்சுவதுபோல் தெரிந்தது.

அதற்குள் மகா கைப்பேசியை எடுத்திருந்தாள். வகுப்பில் எடுக்கக் கூடாது, யாரும் தடுக்கவில்லை. நேரே ஆசிரியையிடம் போனாள்.

"மேம், இதப் படிங்களேன். தமிழ்ல."

முந்தைய இரவு ஊர்க் குழுவுக்கு வந்த ஆங்கிலச் செய்தியின் படம் அது. மகாவின் எதிர்வீட்டு வசந்தியக்காவின் கணவர் போன படகைப் பிடித்துச் சில வாரங்களாகியிருந்தன. அன்று காலை வசந்தியக்கா ஓடிவந்து கேட்டது ஒரே கேள்வி: எப்போது விடுவார்கள்? மகா செய்தியில் விரலை ஓட்டியிருக்கிறாள். விடுவிப்பது என்ற சொல் இருந்தது. அதை அடுத்து வெள்ளிக்கிழமை இருந்தது. வெள்ளிக்கிழமை விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டாள்.

ஆசிரியை இருமுறை படித்தார். விடுவிக்கச் சொல்லிக் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர்களை வேறு சிறைக்கு மாற்றுகிறார்கள்.

மகா தன் பையை எடுத்துக்கொள்ளாமலே வெளியே நடந்தாள். பையை நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஷேர் ஆட்டோவில் கிளிஞ்சல்மேடு போகும்வரை அந்தச் செய்தியையே பெரிதாக்கிப் பார்த்தபடி வந்தாள். துணைக்கு எதற்காக வருகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. ஆறுதல் சொல்லத் தெரிந்தவளாக இருந்திருந்தால் உபயோகப்பட்டிருப்பேன்.

வசந்தியக்கா வீட்டு வாசலில் கொடி முழுவதும் ஆண்சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. இருந்த அத்தனையையும் துவைத்துப் போட்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் அன்றுதான் முடி வெட்டி எண்ணெய் தடவியிருந்தது. சுற்றிலும் பெண்கள்.

"வாடி வக்கீலம்மா! இது யாரு, கூட்டாளியா? ரெண்டு பேரும் காப்பி குடிக்கிறீங்களா?"

"அக்கா, நான் தப்பா சொல்லிட்டேன்."

"எதடி?"

"வெள்ளிக்கெழம விடலக்கா. வேற ஜெயிலுக்கு மாத்துறாங்க."

வசந்தியக்கா சிரித்தாள். "வெளையாடாத புள்ள." சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. "நீதானடி காலைல படிச்சு சொன்ன?"

"படிக்கலக்கா. படிச்ச மாதிரி சொன்னேன்."

"காலேசுக்குப் போயி என்னத்தடி கிழிக்கிற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வசந்தியக்கா அந்தப் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். குரல்தான் அடங்கிற்று.

"ஒக்காரு" என்றாள் மகாவிடம். "அந்தச் செய்திய எடு. இப்ப என் எதுக்கவே படி. ஒவ்வொரு வரியா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் ஒன்னும் சொல்லமாட்டேன்."

வலைக்குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து மகா படித்தாள். ஒரு வரி படிப்பாள், நிற்பாள், கைப்பேசி அகராதியில் நான் தேடித் தருவேன், இருவருமாகத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். "இந்த வரி எனக்குப் புரியலக்கா" என்று முதல்முறையாகச் சொன்னாள். வசந்தியக்கா, "சரி, அடுத்தது போ. அப்பறமா திரும்பி வரலாம்" என்றாள். வெயில் தணிந்து கொடிச் சட்டைகள் காய்ந்துவிட்டன. நாங்கள் பாதிச் செய்தியில்தான் இருந்தோம்.

கடைசி வரிக்கு வந்தோம். எந்தக் கேள்விக்கும் விடையாக வராத, எங்கள் தூண்டில் ஒருநாளும் எட்டியிராத வரி. பிடிபட்டவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் என்று அது சொன்னது. ஒருவருக்குக் கையில் ஏற்பட்டிருந்த காயம் ஆறிவிட்டதாம்.

"இன்னொருக்கா படி" என்றாள் வசந்தியக்கா. மகா படித்தாள். "இன்னொருக்கா." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கையில் காயம்பட்டவர் அவள் கணவர்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. காயம் மட்டும் ஊருக்குத் தெரிந்திருந்தது, ஆறியது தெரியாமலிருந்தது.

இதற்குப் பிறகு மகா தேர்வில் ஜெயித்தாள் என்று எழுத எனக்கு ஆசை. அவள் பத்தியை முதல் வரியிலிருந்து படித்தாள். விடைகளைத் தன் வாக்கியத்தில், தட்டுத்தடுமாறி எழுதினாள். இரண்டாவது பத்தியைத் தொடும்முன் மணி அடித்துவிட்டது. எழுதியவையும் திருத்துபவரின் குறிப்போடு ஒத்துப்போகவில்லை. அவளை வரலாற்றுத் துறைக்கு மாற்றினார்கள். பட்டியலை இருமுறை படித்தேன். வகுப்பில் மற்ற அனைவரும் தேறியிருந்தோம்.

"அங்கயும் படிக்கத்தானேடி வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மகா.

வசந்தியக்காவின் கணவர் பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தார். அதன் பிறகும் ஊருக்கு ஆங்கிலச் செய்தி வரும்போதெல்லாம் பெண்கள் கூடுவார்கள். மகா உரக்கப் படிப்பாள். புரியாத வரியில் புரியவில்லை என்று சொல்லி நிறுத்துவாள். நிறுத்தும் இடங்களில் யாரும் சிரித்து நான் கண்டதில்லை. சில சமயம் நானும் போவேன். நான் கூச்சமில்லாமல் பேசிய இடம் அது ஒன்றுதான்.

பட்டம் முடித்த மகா இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் மறுபடியும் ஒரு படகு பிடிபட்டதாகக் கேள்விப்பட்டுக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். பெண்கள் கூடித்தான் இருந்தார்கள். நடுவில் ஒரு கைப்பேசி. ஆங்கிலச் செய்தியை எந்திரமே தமிழாக்கிய ஒலிப்பதிவு அதில் பேசிக்கொண்டிருந்தது. தெளிவான, இனிமையான பெண்குரல். எந்த வரியிலும் அது நிற்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

"சரியாத்தான் சொல்லுதா பாப்பா?" என்று கேட்டாள் வசந்தியக்கா.

"ஆங்கிலத்துல வந்தத காட்டுங்கக்கா, பாத்துடுறேன்."

அவள் கைப்பேசியை என் கையில் வைத்தாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். ஒலிப்பதிவுகள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"எழுத்தெல்லாம் இப்ப வர்றதே இல்ல பாப்பா" என்றாள்.