தெளிந்த வட்டம்

உள்ளங்கையளவு கண்ணாடித் தட்டு அது. பதுளையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், காய்ச்சல் பிள்ளைகளின் இரத்தத்திலிருந்து எடுத்த கிருமியை அதில் வளர்ப்போம். மேலே, மருந்துகளில் தோய்த்த சின்னக் காகிதப் பொட்டுகளை வைப்போம். மறுநாள் எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்திருக்கிறதோ, அந்த மருந்துதான் கேட்கும். பிள்ளைகள் வார்டு டாக்டரம்மா காலையில் வந்ததும் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். தட்டு ஆயத்தமாகவில்லை என்றால் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பதில் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மற்ற மருந்துகள் கேட்காதபோது போடும், பெரிய மருந்து என்று நாங்கள் சொன்ன ஊசியைத் தன்னைக் கேட்காமல் எவரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். வார்டில் அவருக்குக் கஞ்ச மகாராணி என்று பட்டப்பெயர்.

ஒரு மழைக்காலத்தில் கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார்கள். இரத்தத்தில் கிருமி ஏறி, கூப்பிட்டால் கண் திறக்காத நிலை. கஞ்ச மகாராணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பெரிய மருந்தைத் தன் கையாலேயே போட்டார். காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பிள்ளை தேத்தண்ணீர் கேட்டாள். அந்த நேரம் பார்த்துத் தட்டில் விடை வந்தது: சாதாரண பென்சிலினைச் சுற்றி அகலமான வட்டம். டாக்டரம்மா பெரிய மருந்தை நிறுத்திப் பென்சிலினுக்கு மாற்றச் சொன்னார்.

தகப்பன் கொதித்துப்போனார். "புள்ள இப்பத்தாங்க கண்ணு முழிச்சிருக்கு. நல்ல மருந்த நிப்பாட்டிட்டு மட்டமானத போடுறீங்களே! தோட்டத்துப் புள்ளன்னுதானே?"

வார்டில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்புத்தளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். மட்டமானதையே வாங்கிப் பழகிய சனம் வேறு எப்படிக் கேட்கும்?

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "என்னோட வாங்கோ ஐயா" என்று அவரை ஆய்வுகூடத்துக்கே கூட்டி வந்தார்; நானும் பின்னால் வந்தேன். பெரிய டாக்டர்களே எட்டிப்பார்க்காத இடம்! தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "உங்கட மகளின்ர ரத்தத்தில இருந்த கிருமி இதுதான். பாருங்கோ, பென்சிலினைச் சுத்திச் செத்துப்போச்சு. இவவுக்கு இதுதான் நல்ல மருந்து. பெரிய மருந்தைச் சும்மா சும்மா குடுத்தால் கிருமி அதுக்கும் பழகிப்போடும். நாளைக்கு உங்கட பிள்ளைக்கே தேவைப்பட்டால் நான் எதைக் குடுக்கிறது?"

தகப்பன் தட்டின் மேல் குனிந்து உற்றுப் பார்த்தார். "டவுன் புள்ளைங்களுக்கும் இதே தட்டுதானாங்கம்மா?"

"ஆரின்ர பிள்ளையெண்டாலும் இதே தட்டுத்தான். என்ர மகனுக்கும்."

"அப்ப போடுங்க."

அடுத்து வந்த நாட்களில் தினமும் வார்டுக்கு ஓடி அவளுடைய காய்ச்சல் அட்டையைப் பார்த்தேன். தட்டைப் பார்த்துச் சொன்னவன் நானல்லவா! காய்ச்சல் திரும்பி வரவில்லை. பிள்ளை தகப்பன் கையைப் பிடித்து நடந்தே வெளியே போனாள். ஆய்வுகூட வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் டாக்டரம்மா என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போலிருந்தது.

அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் போட்ட சட்டத்தை எவரும் எடுக்கவில்லை. அவரோடு வேலை பார்த்தவன் நான் என்று புது டாக்டர்மாரிடம் இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறேன்.

போன மாதம் ஆய்வுகூட ஜன்னலில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. அதே தகப்பன். அந்த மகள் பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சலாம், வார்டில் வைத்திருக்கிறார்களாம். பெரிய ஊசிக்குச் சிபாரிசு பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஊசி கெடக்கட்டுங்க," என்றார். "எங்க பேத்தி தட்டு எதுங்க? வெளிச்சத்துல கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."