என் பெயரைக் கூப்பிட்டவர்கள்

ஜவ்வாது மலைக்கு வாத்தியாராக வந்தால் சொந்தப் பெயர் போய்விடும். முப்பது வருடமாக எனக்கு 'சார்' என்பதுதான் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் மாறவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட அப்பாவும் அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள். மனைவியோ, தாலி கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கடைசிவரை 'இன்னாங்க' என்றே கூப்பிட்டாள். என் ஆயுசு கெட்டியாகத்தான் இருக்கிறது. அவள் ஆயுசைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போளூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். "குடும்பப் பேரு இன்னா சார்? இந்தக் கட்டத்துல எதனா போட்டுடலாமா?" என்றார் கடைக்காரர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவள் இனிஷியலை விரித்து, என் பெயரையே போடச் சொன்னேன்.

அதன் பலன் அவள் இங்கிலாந்தில் வேலைக்குப் போன பிறகு தெரிந்தது. "ப்பா, ஆபீஸ்ல எல்லாரும் உன் பேர சொல்லித்தான் என்ன கூப்புட்றாங்க. எனக்குத் திரும்பிப் பாக்கவே தோண மாட்டேங்குது" என்று போனில் சிணுங்கினாள். நானும் சேர்ந்து சலித்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இந்த உலகத்தில் என் பெயரைத் தினமும் சொன்னவர்கள், முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரர்கள்தான்.

போன வருடம் அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருடைய குடும்பப் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு வருத்தமாப்பா?"

"அட, இதுல இன்னா இருக்குது" என்றேன்.

மறுநாள், நெட் கிடைக்கும் கொண்டை ஊசி வளைவுவரை நடந்துபோய், மாப்பிள்ளையின் அந்தக் குடும்பப் பெயரைப் போனில் தேடினேன். அதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பெயர் கொண்ட பிரபலங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள்: ஒரு கப்பல் தளபதி, இரண்டு பாதிரியார்கள், ஒரு நீதிபதி, ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர். குதிரை திருடி மாட்டிக்கொண்ட ஒருவனைக்கூட விடவில்லை. திருடனையும் சேர்த்து எல்லாரையும் படித்தேன். இத்தனை பேர் சுமக்கும் பெயருக்கு என் மகளும் வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வளைவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

போன வாரம் கண்ணைக் காட்டப் போளூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தேன். நர்ஸம்மா கதவருகே வந்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.