அம்மை லீவில் வந்த அழைப்பு

எங்கள் வானொலி நிலையம் அவிநாசி சாலையில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. தனியார் பண்பலை எங்கள் பக்கம் வந்த புதிது. அதுவரை பனியன் கம்பெனிகளில் பாட்டுக் கேசட் ஓடும்; ஒரே கேசட்டை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். எஃப்.எம். வந்த பிறகு மேற்கூரையில் ஸ்பீக்கர் கட்டி, தையல் வரிசை, செக்கிங் மேசை என்று எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டார்கள். ஆட்கள் பேசிக்கொண்டிருக்காமல் வேலை பார்ப்பார்கள் என்று முதலாளிகளுக்கும் அது பிடித்திருந்தது.

மதியம் இரண்டு முதல் நான்கு வரை நேயர் விருப்பம் என்னுடையது. நேரலை. விளம்பரப் பலகைகளில் எல்லாம் 'நேரலை' என்ற சொல்லைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் வீட்டில் பிறந்து, எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய், எம்.ஏ. முடித்தவள் நான். என் குரல் ஊரெல்லாம் கேட்கிறது என்ற பெருமை எனக்கு இருந்தது. அதை மறைத்ததில்லை, இப்போதும் மறைக்கவில்லை. ஆனால் நான் இன்னும் தகுதிகாண் பருவத்தில்தான் இருந்தேன்.

அழைப்பவர்களிடம் பெயரைக் கேட்ட கையோடு எந்தக் கம்பெனி என்றும் கேட்க வேண்டும். இது விளம்பரப் பிரிவின் கட்டளை. வானொலியில் பெயர் அடிபட்ட கம்பெனிக்கு மறுநாளே அவர்கள் போய் நிற்பார்கள். "உங்க பேரு நேத்து வந்துச்சுங்க, கேட்டீங்களா?" என்று ஆரம்பித்து ஒரு விளம்பரம் வாங்கி வந்துவிடுவார்கள்.

அன்று இரண்டரை மணிக்கு ஒரு பெண் பேசினாள். தெற்கத்திக் குரல். பெயரைச் சொன்னாள். மனசு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது, ஒரு பாட்டு வேண்டும் என்றாள்.

"எந்தக் கம்பெனிங்க?"

"அதெல்லாம் எதுக்குக்கா..."

"அட, வெக்கமா? ஊரே கேட்டுட்டு இருக்குது, சும்மா சொல்லுங்க."

அவள் தயங்கினாள். நான் விடவில்லை. நேயரைப் பேச வைப்பதில் கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. கடைசியில் சிரித்துக்கொண்டே கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டாள். "இங்க மழ தூறுதுக்கா, நல்ல பாட்டா போடுங்க," என்றாள்.

பாட்டு ஓட ஆரம்பித்ததும் எங்கள் பேச்சு வெளியே கேட்காது. ஆனால் அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"யக்கா, வாய் தவறிச் சொல்லிப்புட்டேனே. எனக்கு அம்ம போட்டிருக்குன்னுல்லா இந்த வாரம் பூரா லீவு எடுத்திருக்கேன்!"

எங்கள் ஊரில் மறுபேச்சில்லாமல் கிடைக்கும் ஒரே விடுப்பு அது. அம்மை என்றால் யாரும் வீடு தேடி வந்து பார்க்க மாட்டார்கள். வேலைக்கு வா என்று சொல்லவும் பயப்படுவார்கள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பத்தாவது பிரைவேட்டா எழுதுதேன்க்கா. இன்னைக்குக் கணக்கு. நல்லா எழுதிட்டேன், அந்தச் சந்தோசத்துலதான் போன் போட்டேன். இன்னும் ரெண்டு பரீட்ச கெடக்கு. லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசர், 'படிச்சு கலெக்டராப் போறியா, சிப்மெண்ட் யாரு முடிப்பா'ன்னு கேட்டாரு. இப்ப ஸ்பீக்கர்ல கேட்டிருப்பாக. வேல போச்சுன்னா கம்பெனி பாத்துக் குடுத்த ரூமையும் காலி பண்ணச் சொல்லிருவாகக்கா. எங்கெருந்து பரீட்ச எழுத?"

நான் பதில் சொல்வதற்குள் பாட்டு முடியப்போனது. அவளுடைய எண்ணைக் குறித்துக்கொண்டு, எங்கள் அலுவலக எண்ணையும் கொடுத்தேன். அடுத்த நேயரிடம் பேசும்போது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அன்று யாரிடமும் கம்பெனி கேட்கவில்லை.

நான்கு மணிக்கு நான் வெளியே வந்தபோது விளம்பரப் பிரிவு அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"தங்கச்சி, அந்தக் கம்பெனி மேனேஜர் போன் பண்ணுனாருங்க. மொதலாளியே ஸ்பீக்கர்ல கேட்டாராம். நாளைக்குக் காலைல பதிவக் கேக்க வர்றாரு. நம்மகிட்ட தெனமும் 'டெய்லர்கள் தேவை' விளம்பரம் குடுக்கறவங்க. இல்லீன்னு சொல்ல முடியாது."

ஒலிபரப்பாகும் ஒவ்வொரு நிமிடமும் கணினியில் பதிவாகும். சில காலம் அதை அழிக்கக் கூடாது என்பது விதி. அந்தக் குரல் அங்கே அப்படியே இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அந்த மேனேஜர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இன்ச் டேப் எட்டிப் பார்த்தது. எங்கள் நிகழ்ச்சித் தலைவர், சென்னைக்காரர், கதவோரம் நின்றார். பதிவை நானே ஓடவிட்டேன். மழை தூறுகிறது என்று அவள் சொல்லும் இடம் நெருங்க நெருங்க, என் விரல் ஒலியளவைக் குறைக்கும் பொத்தான்மேல் கிடந்து துடித்தது. குறைத்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். குறைக்கவில்லை.

"எப்பங்க பேசுனது இது?" என்றார் மேனேஜர்.

"போன வாரமுங்க. லைன் கெடைக்காத நேரத்துல போடறதுக்குன்னு பதிவு பண்ணி வெச்சிருந்தோம்."

நிகழ்ச்சித் தலைவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "மழ தூறுதுன்னு சொல்லுச்சே அந்தப் புள்ள. நேத்துத்தானுங்க அம்மிணி இந்த வருசத்துக்கு மொத மழ. மாடில காயப் போட்ட துணியெல்லாம் நனஞ்சு, நாந்தான் ஓடி ஓடி எடுத்தேன்."

"போன வாரம்தானுங்க," என்றேன் மறுபடியும்.

"என்ன படிச்சிருக்கறீங்க?"

"எம்.ஏ.ங்க."

"அந்தப் புள்ள எதுக்கு லீவு போட்டுதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பத்தாவது எழுதுதுங்க. இன்னும் ரெண்டு பரீட்சை இருக்குது," என்றேன். சொன்ன பிறகுதான் பொய்யையும் உண்மையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது உறைத்தது.

அவர் இன்ச் டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஒருத்திய உட்டா நாளைக்குத் தையல் லைனே அம்மைம்பாங்க. அதுதான் மொதலாளி கோவம். நான் வாயில சொன்னா ஒத்துக்க மாட்டாருங்க. போன வாரம் பதிவு பண்ணுனதுன்னு எழுதிக் குடுங்க, கொண்டு போயிக் காட்டறேன்."

"நிலையம் எழுதித் தராது," என்றார் நிகழ்ச்சித் தலைவர். "நேரலைன்னு ஊர் பூரா போர்டு வச்சிருக்கோம் சார்."

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. நான்கு வரி எழுதி, என் முழுப் பெயரையும் படிப்பையும் போட்டுக் கையெழுத்திட்டேன். மேனேஜர் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் நிகழ்ச்சித் தலைவர். மதிய நிகழ்ச்சி அன்றே என் கையைவிட்டுப் போனது. தகுதிகாண் பருவத்தையும் நீட்டித்தார்கள். விளம்பரங்களுக்கு வாசகம் எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். 'டெய்லர்கள் தேவை' என்பதைப் பத்து விதமாக எழுதினேன். அந்தத் தாள் போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை. அவளுடைய எண்ணுக்குப் போட்டால் எடுக்கவில்லை. நான்கு நாள் அப்படியே போனது.

ஐந்தாம் நாள் மதியம் அலுவலகத் தொலைபேசியில் என்னைக் கேட்டு ஒரு அழைப்பு வந்தது.

"யக்கா, சமூக அறிவியலும் எழுதிட்டேன்."

"வேலை?"

"திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காக. தலைக்குத் தண்ணி ஊத்தி, வேப்பெலை வாசத்தோடதான் வரணுமாம். மேனேஜர் ஐயா ஆள் விட்டுச் சொன்னாரு."