பத்திரிகையில் அச்சான பி.ஏ.

என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டிருக்கும். அது பொய். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் அச்சடிக்கவில்லை. கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன், ரிசல்ட் மட்டும் வரவில்லை. முகூர்த்த நாளோ நெருங்கிவிட்டது. “எழுதிட்ட இல்ல, அப்பறம் இன்னா? பாஸ் ஆவாமலா பூடும்?” என்று என்னைப் பெற்ற நைனா அச்சுக்குக் கொடுத்துவிட்டார். மண்டகப்பட்டு சொந்தம், அவலூர்பேட்டை சொந்தம் என்று எல்லா வீட்டுக்கும் மஞ்சள் தடவிய பத்திரிகை போய்ச் சேர்ந்த பிறகுதான் ரிசல்ட் வந்தது. ஐரோப்பிய வரலாற்றில் பெயில். வாசலில் நின்றாலே செஞ்சிக் கோட்டை தெரிகிற ஊரில் பிறந்தவள் வரலாற்றில் பெயில்!

“அச்சடிச்சது அச்சடிச்சதுதான். வாயத் தொறக்காத. அடுத்த தடவ எழுதிக்கலாம்” என்றார் நைனா. அடுத்த தடவை வயிற்றில் மகள் இருந்தாள். அதற்கடுத்த தடவை பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். அப்படியே விட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடம் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவர் மினி பஸ் ஓட்டுகிறார். வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் “எங்க வீட்ல பி.ஏ. படிச்சவ” என்று பெருமை வேறு.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் உண்டு. இந்த ஊரில் நூறு பேருடைய ரிஜிஸ்டர் நம்பர் எனக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகளிடமும் நான் பி.ஏ.தான். என் மகள் நான் படித்த அதே கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வருமோ! “நானெல்லாம் ஒரு அரியர் வெச்சதில்ல, தெரியுமா? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, பஸ்ஸுல தொங்கிக்கினு போயி படிச்சேன். உனக்கு இன்னா கேடு?” என்று தெரு கேட்கக் கத்துவேன்.

இப்படி இருக்கும்போது எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெள்ளி விழா வந்தது. எங்கள் கல்லூரியிலும் அதைக் கொண்டாடப் போகிறார்கள் என்றார்கள். கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் ஒரு சர்க்குலரைக் கொண்டுவந்து ஐம்பது காப்பி கேட்டார். விழாவை ஒட்டி, பழைய மாணவர்கள் விட்டுப்போன பேப்பர்களை எழுத ஒரே ஒரு சிறப்பு வாய்ப்பு தருகிறார்களாம். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரியாம். ஐம்பத்தொன்றாவதாக ஒரு காப்பி எடுத்து கீபோர்டுக்கு அடியில் சொருகிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. மிஷினைத் துடைப்பேன். துடைத்ததையே மறுபடி துடைப்பேன். டீ வாங்கி வைத்து ஆறவிடுவேன். சர்க்குலர் ஒட்டிய மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தலை நரைத்தவர், கைப்பிள்ளையோடு வந்தவள், போலீஸ் வேலையில் இருப்பவர். எல்லோருக்கும் நானே விண்ணப்பம் போட்டேன். “எத்தினி பேப்பர்?” என்று சாதாரணமாகக் கேட்டேன். அவர்களும் சாதாரணமாகச் சொன்னார்கள். எனக்குத்தான் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து என் நம்பரைப் போடக் கை வரவில்லை.

அதற்குள் அண்ணன் விழா மலர் வேலையையும் என் தலையில் கட்டினார். பல்கலைக்கழக வரலாறு, பதினாறு பக்கம், கையெழுத்தில். பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்தது, கட்டிடம் எழும்பியது, யார் யார் துணைவேந்தர், கிராமப்புற மாணவிகள் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று வரிசையாக இருந்தது. நான் எரிச்சலோடு டைப் செய்தேன். ரிசல்ட் அன்று பிரௌசிங் சென்டர் வாசலில் நாங்கள் வெயிலில் நின்றது அதில் எங்கே இருக்கிறது? ஒரு மார்க் ஷீட்டுக்காக மூன்று பஸ் மாறிப் போய், “சார் லீவு” என்று கேட்டுத் திரும்பியது எங்கே இருக்கிறது? பெயிலானவர்களும்தானே பீஸ் கட்டினோம்? எங்களுக்கு ஒரு வரி கிடையாது.

கடைசிப் பக்கத்தில், விழாவில் பொன்னாடை போர்த்தப்படும் பழைய மாணவர்களின் பட்டியல் இருந்தது. ஐந்தாவது பெயர் என்னுடையது. “முதல் செட்டு பொண்ணுங்கள்ல இங்கியே கட வெச்சி பொழைக்கிறது நீதான? நான்தான் சேத்தேன்” என்றார் அண்ணன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “உம் பேருக்குப் பின்னாடி பி.ஏ. போட்டுக்கம்மா” என்றார். போட்டேன். அன்றைக்கு நைனா அச்சுக்குக் கொடுத்தார். இந்த முறை என் விரலாலேயே அடித்தேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் காலையில் இன்னொரு தாள் வந்தது. அரியர் வைத்தும் இதுவரை விண்ணப்பம் போடாத இப்போதைய மாணவர்களின் பட்டியல், நோட்டீஸ் போர்டுக்கு. பெயர் இல்லை, நம்பர் மட்டும். பாதி டைப் செய்தபோது கை நின்றுவிட்டது. அது என் மகளின் நம்பர். ‘எல்லாத்துலயும் பாஸ்’ என்று போன மாதம் சொன்னவள்!

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். அவளை நாலு அறை அறைவது என்றுதான் போனேன். உச்சி வெயில். கோட்டைப் பாறையெல்லாம் தகதகவென்று இருந்தது. பாதி வழியில், எந்த வாயால் கேட்கப் போகிறேன் என்று தோன்றியது. தோன்றினால் மட்டும் கோபம் அடங்கிவிடுமா? வீட்டுக்குள் நுழைந்ததும், “ஏண்டி மறைச்ச?” என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. “உங்கிட்ட எப்டிமா சொல்றது? நீதான் ஒரு அரியர் வெக்காதவளாச்சே” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

நான் அவள் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துவந்தேன். முதலில் அவளுடைய விண்ணப்பத்தைப் போட்டேன். பிறகு கீபோர்டுக்கு அடியிலிருந்து சர்க்குலரை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, பழைய மாணவர் பக்கத்தைத் திறந்து என் நம்பரை அடித்தேன். அதைப் பார்க்காமலே அடிக்க வரும் எனக்கு. திரையில் என் பெயரும் அதற்குக் கீழே ஐரோப்பிய வரலாறும் வந்தன. அவள் குனிந்து பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“நம்ம வூட்ல நான் ஒருத்திதான் மக்குன்னு நெனச்சினு இருந்தேம்மா” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை அப்புறம் வரச் சொல்லி அனுப்பினேன்.

அண்ணனுக்குப் போன் போட்டு என் பெயரை எடுக்கச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. “மலரு அச்சாயிடிச்சே! சும்மா வந்து பொன்னாடய வாங்கிக்கினு போம்மா” என்று வைத்துவிட்டார்.

விழாவன்று முன்வரிசையில் எனக்குப் போட்டிருந்த நாற்காலிக்கு நான் போகவில்லை. பின்னால் பிள்ளைகளோடு, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைக்கில் என் பெயரை பி.ஏ.வோடு வாசித்தார்கள். இரண்டாவது முறையும் வாசித்தார்கள். அண்ணன் மேடையோரம் நின்று கையை நெற்றியில் வைத்துத் தேடினார். என்னைக் கண்டுபிடித்து, வா வா என்று கையாட்டினார். எழுந்து நின்றேன்.

“எனக்கு இன்னும் ஒரு பேப்பர் பாக்கி இருக்குதுண்ணா!” என்று கத்தினேன். என் குரல் உங்களுக்குத் தெரியாது, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், “எனக்கு ஆறு இருக்குதுக்கா!” என்றான். பந்தலே சிரித்தது. என் மகளும் சிரித்தாள், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே.

செஞ்சியில் ஒரு செய்தி போக எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் வீட்டுக்காரர் வரும் முன்பே அது அவருடைய வண்டியில் ஏறி இறங்கியிருந்தது. அவர் கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பத்திரிகை, நைனா, ரிசல்ட், எல்லாம்.

“ஒரு பேப்பருதான?” என்றார்.

“ஒரே பேப்பர்தாங்க.”

சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். உள்ளே மகள் தன் அரியர் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு பேப்பர பாக்கி வெச்சிக்கினுதான் எம் பொண்ண அந்தத் திட்டு திட்டுனியா?”

அவர் பாதிச் சோற்றிலேயே கை கழுவ எழுந்து போனார்.