பிடித்துக்கொண்ட சக்கரம்

எங்காவது ஒரு வாகனத்தின் பிரேக் சூடேறிக் கருகும் வாடை வந்தால், எனக்குச் சித்தியின் கொலுசுச் சத்தம் கேட்கும்.

தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் குடியேறியவர்கள் நாங்கள். அப்பா வேறொருவரின் வான் ஓட்டினார். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டு வந்திருந்தது, எங்களுக்கு வரவில்லை. சித்தப்பா பெட்டிகளோடு முன்னதாகவே தலைமன்னாருக்கு ரயிலேறிவிட்டார். அம்மாவோடு இன்னுமோர் இரவு இருந்துவிட்டு, கப்பலுக்கு அப்பா ஓட்டும் வானில் வருவதாகச் சித்தி தங்கிக்கொண்டாள்.

விடிந்து பார்த்தால் முன்சக்கரம் சுற்றவில்லை.

அப்பா சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் தட்டைக் கலிப்பர் என்னும் இரும்புக் கவ்வி இறுகப் பிடித்திருந்தது. துருவாக்கும் என்று லீவரால் நெம்பினார், அசையவில்லை. சித்தியை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, மிதி என்றார், விடு என்றார். ஒவ்வொரு முறையும் கொலுசு சிணுங்கியது.

"நான் எப்பவோ விட்டுட்டேன் அத்தான். அதுதான் விட மாட்டேங்குது."

கலிப்பரின் பின்னாலிருந்த சின்ன நட்டைத் தளர்த்தினார். எண்ணெய் பீறிட்டது, பிடி விட்டது, தட்டுச் சுழன்றது. குற்றம் கலிப்பரில் இல்லை, அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாயில். உள்ளே வீங்கி அடைத்து, போன எண்ணெயை அது திரும்ப விடவில்லை. வவுனியாக் கடைகளில் அந்தக் குழாய் கிடைக்கவில்லை. கப்பல் காத்திருக்காது.

"பிரேக்கத் தொடாம கியர்லயே ஓட்டிருவேன். பிடிச்சா நிறுத்தி நட்டத் தளத்திக்கலாம்" என்றார் அப்பா.

பிடித்தது. மன்னார் வீதியில் மாடில்லை, மனிதரில்லை, காடும் வெயிலும்தான். அப்படியும் அப்பா பிரேக்கை மிதித்தார். கருகல் வாடை வரும், நிற்போம். அம்மாவும் சித்தியும் பாலை மர நிழலில் போய் உட்காருவார்கள். அம்மா சித்தியின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னுவாள். நட்டைத் தளர்த்திப் பூட்ட அதிக நேரம் ஆகாது. அப்பா ஸ்பனரைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தடியிலேயே குந்தியிருப்பார். கொஞ்சத்தூரம் போனதும் மறுபடி கருகும். கப்பல் போய்விடும் என்று கத்தியது நான்தான். எனக்குக் கப்பல் பார்க்கும் அவசரம்.

திரும்பி வரும்போது எருமைக் கூட்டமே குறுக்கே வந்தது. அப்பா கியரைக் குறைத்து ஊர்ந்தார். சக்கரம் பிடிக்கவே இல்லை. வான் தானாகச் சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். துறைமுக வாசலில் சித்தி சொன்னதையும் வெறும் வண்டிக்கதை என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தபின், மூக்கைத் துடைத்தபடி அப்பாவின் முன்னால் வந்து நின்று, பாதிச் சிரிப்போடு சொன்னாள்:

"திரும்பிப் போறப்பவாவது பிரேக்க மிதிக்காம போங்க அத்தான்."