சிவப்புக் கார் இல்லாமல் அல்பர்ட்ஸ்லுண்ட் வரை

சனிக்கிழமை காலை 7.20. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் பஸ் நிலையத்தில் நான் ஒருத்திதான் நின்றேன். இந்த ஊருக்கு வந்து முப்பது வருடமாகிறது. இத்தனை நாளும் இந்த நிலையத்தைக் காரில் கடந்து போயிருக்கிறேனே தவிர, இதன் வாங்கில் குந்தியது அன்றுதான் முதல்முறை. மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை. காரென்றால் இரண்டு பெட்டி நிறையச் சமைத்து அடுக்கியிருப்பேன். பஸ்ஸில் கை தூக்குகிற அளவுதான் பாசம் காட்டலாம். இறால் பொரியலும் பயத்தம் பணியாரமும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போன மாதம்வரை எங்கள் வீட்டில் இரண்டு கார். இவர், அதாவது என் கணவர், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார். நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, பீற்றூட் வயல்களுக்கு நடுவே. பாண் வாங்கவும் கார் வேண்டும். பெற்றோல் லீற்றர் பதினைந்து குரோனரைத் தாண்டிய கிழமை, இவர் சின்னச் சிவப்புக் காரை விற்றுவிடுவோம் என்றார். கணக்குச் சரிதான். நானும் தலையாட்டினேன். ஊருக்குள்ளேயே ஒரு டெனிஷ்காரி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கார் எங்கள் ஒரே மகள் ஆரணிக்குப் பதினொரு வயதாக இருந்தபோது வாங்கியது. ஹேண்ட்போல் பயிற்சி, பள்ளிக்கூடம், சிநேகிதி வீடு என்று எல்லா இடமும் அதில்தான் ஏற்றி இறக்கினேன். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பிள்ளை, காருக்குள் ஏறினால் வாய் ஓயாமல் கதைப்பாள். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பதாலோ என்னவோ, யாரை விரும்பினாள், யாரோடு கோபம், எல்லாம் அந்த முன்னிருக்கையில்தான் எனக்குச் சொல்லப்பட்டது. இப்போது அவள் கொப்பன்ஹேகன் பக்கம் ஹ்விடோவ்ரேயில் தனியாக இருந்து ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். கார் விற்ற சங்கதியை அவளுக்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் சொன்னால் காசுக்கு முட்டோ என்று பயந்துவிடுவாள். நேரில் சொல்லத்தான் இந்தப் பயணம். மிஞ்சிய காரை இவர் வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். எனவே பஸ்ஸும் ரயிலும்.

பஸ் நேரத்துக்கே வந்தது. சாரதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சனிக்கிழமை காலையில் இங்கே ஏறுகிறவர்கள் இரண்டு வகையாம்: பதினெட்டு வயது ஆகாதவர்கள், லைசென்ஸ் பறிபோனவர்கள். நான் எந்த வகை என்று கேட்டார். கார் பறிபோன வகை என்றேன். சிரித்துவிட்டு, இந்த விலை இப்படியே ஏறினால் தன் பஸ் நிறைந்துவிடும் என்றார். நிறைந்தால் இன்னொரு பஸ் விடுவார்களா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பஸ்ஸை எடுத்தார்.

பில்லுண்ட் விமான நிலையத்தில் சூட்கேஸ்காரர்கள் ஏறியதும்தான் பஸ்ஸுக்குக் களை வந்தது. வைலெ ரயில் நிலையம்வரை காரில் நாற்பது நிமிடம். பஸ்ஸில் சுற்றிச் சுற்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எங்கள் ஊருக்கும் ஒரு காலத்தில் ரயில் வந்தது. நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறது, ரயிலைத்தான் காணோம். பெரிய ஊர்க்காரருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த இந்த அரசாங்கம் எங்கள் பங்கைப் பிடுங்கிக்கொண்டது என்று வைலெ வரும்வரை மனதுக்குள் புறுபுறுத்தேன்.

ரயில் ரிக்கற்றை முன்கூட்டியே எடுத்ததால் போக 179 குரோனர். இருக்கைக்குத் தனியாக 30. ஒடென்ஸ கழிந்து, பெரிய பெல்ட் என்கிற கடல் நீரிணை வந்தது. ரயில் தாழ்ந்த பாலத்தில் ஓட, இரண்டு பக்கமும் தண்ணீர், வெயில், ஒரு வெள்ளைப் பாய்க்கப்பல். எத்தனை தடவை இதைத் தாண்டியிருக்கிறேன்! ஆனால் ஓட்டுகிறவளுக்கு முன்னால் போகும் லொறியின் முதுகும், காற்று காரைத் தள்ளுகிறதா என்ற பயமும்தான் தெரியும். பக்கத்து இருக்கையில் பணியாரம் சாப்பிட்டபடி இவர் பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தானா? வருடக்கணக்காக ஒருவார்த்தை சொல்லாத மனிசன் மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல் வந்தது. நடுக்கடலில் தீவைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. உயரத் தொங்கும் பாலம் கார்களுக்கு மட்டும். கார்க்காரர் எங்களுக்கென்று அதையாவது விட்டார்களே.

மதியத்துக்குச் சற்று முன் ஹோயெ டாஸ்ட்ரூப். அங்கிருந்து என் தங்கச்சி சாந்தியின் வீடு இருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டுக்கு எஸ் ரயில் என்கிற நகர ரயிலுக்கு மாற வேண்டும். எங்கள் யூலண்ட் பக்கம் தமிழர் வீட்டுக்கு ஆள் வந்தால், எங்கே இறங்கினாலும் காரில் போய் ஏற்றிக்கொண்டு வருவதுதான் மரியாதை. கூட்டிக்கொண்டு வராவிட்டால் வருசக்கணக்கில் கதை இருக்கும். சாந்தி அனுப்பிய செய்தியில் ஒரு வரிதான்: "ரெண்டாவது ஸ்ரேசன் அக்கா, ஏறி வாங்கோ." முகம் சுருங்கிப்போய்ப் படியிறங்கினேன். நேர அட்டவணையைத் தேடுமுன் ரயில் வந்து நின்றது. போனால் அடுத்தது பத்து நிமிடத்தில் வருமாம். இப்படி வாழ்கிறவளுக்கு ஒருவரை ஏற்றி இறக்குவது என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

சாந்தி வாசலில் நின்றாள். என்னைவிட நாலு வயது இளையவள். பத்து வயது இளையவள் போல இருந்தாள். நடக்கிறாள் அல்லவா. எனக்குக் காரில் இருந்து இருந்து முழங்கால் இரண்டும் பிடித்துப்போய்விட்டது. உள்ளே கால் வைத்தவுடன் என் கண்ணில் பட்டது ஒரு நீலச் செருப்பு. வீட்டுக்குள் போடுகிற செருப்பு, ஆரணியின் அளவு. சாந்தியின் சப்பாத்துக்குப் பக்கத்தில், அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல் கிடந்தது. எங்கள் வீட்டில் ஆரணிக்குச் செருப்பு இல்லை. வருகிற இரண்டு நாளுக்கு என்னுடையதைப் போட்டுக்கொள்வாள்.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வயிறெரிந்தது. கூடப்பிறந்தவள், நல்லவள், என் பிள்ளைக்குச் சோறு போடுகிறவள். இருந்தும் எரிந்தது. ஹ்விடோவ்ரேயிலிருந்து இங்கே நாலு ஸ்ரேசன். ஆரணி வேலை முடிந்து களைத்தால் இங்கே வருகிறாள், தடிமன், காய்ச்சல் என்றால் இங்கே வருகிறாள். நான் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் பெற்றோல் விலையைப் பார்த்து, இந்த மாதம் போவதா அடுத்த மாதமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாந்தி தேத்தண்ணி தந்தபடி பெற்றோல் இப்போது என்ன விலை என்று கேட்டாள். முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்தை விசாரிப்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி.

ஆரணி பத்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னாள். பத்து நிமிடத்தில் வந்தாள். கட்டிப்பிடித்த கையோடு கார் எங்கே என்று கேட்டாள். சும்மா ரயிலில் வந்து பார்க்க ஆசை என்றேன். அவளும் சாந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது கடலைப் பற்றிச் சொன்னேன், பாய்க்கப்பலைப் பற்றியும் சொன்னேன். இவ்வளவு காலமும் நீங்கள் பார்த்ததே இல்லையா என்று ஆரணி டெனிஷில் கேட்டாள். அவள் முகம் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் விற்ற கதையை எடுக்க மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கே ஆரணி அவசரமாக வெளிக்கிட்டாள். எங்கே என்றதற்கு ஒரு அலுவல் என்றாள். கதவு சாத்தியதும் சாந்தியைப் பிடித்தேன்.

"அவளே சொல்லுவாள் அக்கா. நான் சொன்னால் கோவிப்பாள்."

என் மகள் கோபிப்பாள் என்று எனக்கே பாடம். வெங்காயத்தைத் தா, உரிக்கிறேன் என்று சொல்லி என் வாயை நானே அடைத்துக்கொண்டேன்.

பகல் ஒன்றரைக்கு ஹோயெ டாஸ்ட்ரூப்பில் திரும்பும் ரயில் ஏறினேன். ஆரணியும் கூடவே ஏறினாள். ஒடென்ஸவில் சிநேகிதியின் பிறந்தநாளாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என் பிள்ளை என் பக்கத்தில், முகத்தைப் பார்க்காமல், முன்பக்கம் பார்த்தபடி. இதைவிட என்ன வேண்டும்? இருக்கையில் அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை" என்று தொடங்கினேன். ஆரணி என் கையைப் பிடித்து யன்னல் கண்ணாடியில் எழுதியிருந்ததைக் காட்டினாள். ஸ்டிலஸோன. அமைதிப் பெட்டி. கதைக்கக்கூடாது.

இணையத்தில் ரிக்கற் எடுக்கும்போது அமைதியான இருக்கை வேண்டுமா என்று கேட்டிருந்தது. யாராவது சண்டைப் பெட்டியைக் கேட்பார்களா? ஓம் என்று அமத்திவிட்டேன். காரிலேயே சீவித்த எனக்கு அது வாயைக் கட்டும் பெட்டி என்று எப்படித் தெரியும்? வேறு இடம் தேடலாம் என்று எழும்பினால் ஞாயிற்றுக்கிழமை ரயில் முழுக்கச் சனம்.

றோஸ்கில்ட கழிந்து ஆரணி என் காதருகே குனிந்தாள்.

"அம்மா, நான் கார் ஓடப் பழகுறன்."

காலையில் போனது அந்தப் பாடத்துக்குத்தானாம். பெயிலானால் வெட்கம் என்று சித்திக்கு மட்டும் சொன்னாளாம். காலடியில் ரயிலை வைத்துக்கொண்டு உனக்கெதற்குக் கார் என்று நானும் மூச்சுக்குள்ளே கேட்டேன்.

"கிரின்ஸ்டெட்டுக்கு ரயில் இல்லையே."

பிறகு டெனிஷில், குசுகுசுவென்று, சின்னச் சிவப்புக் கார் வீட்டில் சும்மாதானே நிற்கிறது, லைசென்ஸ் கிடைத்ததும் அதைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். புதுக் கார் வாங்க வசதியில்லை, அது போதுமாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாளாம். நான் இவ்வளவு தூரம் ஓட்டி முழங்காலைக் கெடுக்கத் தேவையில்லையாம். கடைசியில் தமிழுக்கு வந்தாள்.

"நான் ஓடுவன். நீங்கள் பக்கத்தில இருந்து கடலைப் பாருங்கோ."

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ, எதிரே புத்தகம் வாசித்தவர் நிமிர்ந்து விரலால் கண்ணாடியைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தலையை ஆட்டினேன். உண்மையில் அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவரால் விற்ற கதையைத் தள்ளிப்போட எனக்கு அரை மணித்தியாலம் கிடைத்தது. சுரங்கம் வந்தது, தீவு வந்தது, பாலமும் கடலும் வந்தன. ஆரணி என்னை யன்னல் பக்கம் திருப்பினாள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஒடென்ஸ வருகிறது என்று அறிவித்தார்கள். அவள் பின்னால் கதவடிவரை போனேன். அங்கே கதைக்கலாம்.

"அதை வித்துப்போட்டம், பிள்ளை. போன மாதம். பெற்றோல் விலை கட்டுப்படியாகேல்ல."

ஆரணி என்னைப் பார்த்தாள். ரயில் நின்றது; கதவு திறந்தது.

"நொ," என்றாள்.

டெனிஷ்காரர் இந்த ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள். அப்படியா என்றாலும் நொ, பரவாயில்லை என்றாலும் நொ, மனம் விட்டுப்போனாலும் நொ. இழுவையை வைத்துத்தான் எது என்று பிடிக்க வேண்டும். ஆரணி சொன்னதில் இழுவையே இல்லை. என் கன்னத்தில் ஒரு கொஞ்சல் கொஞ்சிவிட்டு இறங்கிப் போனாள்.

வைலெயில் பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தபோது எங்கள் கார் நின்றது. இவர் வேலை முடிந்த கையோடு பெற்றோலைச் செலவழித்து வந்திருந்தார். "இஞ்சரும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி உம்மை விடேலுமோ" என்றார். நான் ஓட்டினேன், பாதி வழியில் ஆரணி சொன்னதைச் சொன்னேன். இவர் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கணக்குச் சரிதானே என்று வீடு வந்த பிறகு ஒருமுறை கேட்டார்.

ஆரணி பாடத்தை நிறுத்தவில்லையாம். சாந்தி சொல்லித்தான் தெரியும்.

புதன்கிழமை இவருக்கு இரவு ஷிப்ட் என்பதால் பகலில் கார் என்னிடம். வேலை முடிந்து சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். தரிப்பிடத்தில் எனக்கு நேரெதிரே சிவப்புக் கார். வாங்கிய டெனிஷ்காரி ஸ்ரியறிங்கில் இருந்தாள். பக்கத்தில் பதினைந்து வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை, ஆரணி வைப்பதுபோலவே காலைத் தூக்கி முன்பலகையில் வைத்தபடி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தாய் அவள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அல்பர்ட்ஸ்லுண்டில் நான் பட்டதெல்லாம் ஒரு பொறாமையா? என் எஞ்சினை நிறுத்த மறந்து, பெற்றோல் எரிய எரிய, அவர்கள் கதைத்து முடியும்வரை அங்கேயே இருந்தேன்.