காயம் ஆறியதா என்று கேட்கும் வேலை

கொழும்பு வெள்ளவத்தையில் அண்ணா வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு புடவைக்கடைப் பை இருக்கிறது. அதற்குள் சேலை இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை முடிவுகள் என்று அண்ணாவுடைய உடம்பின் சரித்திரம் முழுவதும் இருக்கிறது. கொழும்பில் நோயாளிதான் தன் தாள்களைச் சுமந்துகொண்டு திரிகிறார். இங்கிலாந்தில், நான் இருக்கும் பேர்மிங்ஹாமில், இத்தனை வருடத்தில் என் எக்ஸ்ரே ஒன்றைக்கூட நான் கையில் பிடித்ததில்லை. அது எங்கேயோ கணினியில் கிடக்கும். என்னைப் பார்க்கும் டொக்டர் திறந்து பார்ப்பார். போன புதிதில், என் சாமானை யாரோ பிடுங்கி வைத்துக்கொண்ட மாதிரி அந்தரமாக இருந்தது. இப்போது இந்தப் பையைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

காரணம் என் வேலை. அங்கே தாதியாக இருந்து, முதுகுவலி வந்த பிறகு மருத்துவமனைப் பதிவுகளைப் பார்க்கும் பிரிவுக்கு மாறினேன். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி எடுப்பேன். காயம் ஆறிவிட்டதா, சீழ் வந்ததா, வேறு மருத்துவமனை எதிலாவது போய்ப் படுத்தீர்களா என்று கேட்பேன். வார்டில் அன்றாடம் எழுதும் காய்ச்சல், மருந்து விவரங்களோடு அதைச் சேர்த்துப் பார்ப்போம். ஒருமுறை சீழ் வைத்தவர்களின் தொகை கூடிப்போனது அப்படித்தான் தெரியவந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. வெட்டுவதற்கு முன் கொடுக்கவேண்டிய அன்ரிபயோட்டிக் சிலருக்குப் பிந்திப் போயிருந்தது. நேரத்தைத் திருத்தினார்கள், சீழும் குறைந்தது.

அண்ணாவுக்குக் குடலில் சத்திரசிகிச்சை நடந்தது கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில். செய்தவர் பெரிய டொக்டர். அண்ணா படித்த பள்ளிக்கூடத்திலேயே படித்தவர் என்பதால் தன் கட்டணத்தை வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள்ளேயே காயம் சிவந்து கசியத் தொடங்கியது. டொக்டரிடம் சொல்லுங்கள் என்று அண்ணி நச்சரித்திருக்கிறார். திரும்பக் காட்டப் போன இடத்தில், வெளியே வரிசை நீண்டு கிடக்க, எப்படி இருக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். "நல்ல சுகம்," என்றாராம் அண்ணா. காசும் வாங்காமல் செய்த மனிதனிடம் குறை சொல்வதா என்பது அவருடைய நியாயம். எங்கள் ஆட்களின் மரியாதை இது: சாகக் கிடந்தாலும் டொக்டரின் மனம் நோகக்கூடாது. சில நாளில் அண்ணா நடுங்கிக்கொண்டு விழுந்தார். அரச மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடந்தவரைத்தான் நான் விமானம் ஏறி வந்து பார்த்தேன்.

அங்கே கட்டிலின் காலடியில் ஒரு பெரிய தாள். தாதிமார் மணிக்கு மணி எல்லாவற்றையும் அதில் எழுதினார்கள். அவ்வளவு திருத்தமான எழுத்து. அண்ணா பிழைத்தது அவர்களால்தான். அந்தத் தாள்கள் பிறகு எங்கே போகும் என்று ஒரு தாதியிடம் கேட்டேன். கட்டி ஓர் அறையில் போட்டுவிடுவோம் என்றார். யாராவது எடுத்துப் பார்ப்பார்களா என்று கேட்டேன்.

"வழக்கு வந்தா எடுப்பாங்க மிஸ்," என்றார்.

கேட்க வேண்டியதெல்லாம் எழுதிக் கிடக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

அண்ணா வீடு வந்து சேர்ந்ததும் அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே அவருடைய பதிவு, சுகமாகி வீடு சென்றார் என்பதோடு முடிந்திருந்தது. உங்களிடம் சத்திரசிகிச்சை செய்தவர் ஐசியு வரை போய் வந்திருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரைப்போல வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னேன். முறைப்பாடா என்று கேட்டார் அலுவலர். இல்லை என்றேன். அப்படியானால் பாராட்டா என்றார். அதுவும் இல்லை. முறைப்பாட்டுக்கு ஒரு மேசை, பாராட்டுக்கு ஒரு பெட்டி. இரண்டிலும் சேராத என்னை எங்கே அனுப்புவது என்று அவருக்கு விளங்கவில்லை. தலையை எங்கேயாவது முட்டலாம் போல இருந்தது எனக்கு. கடைசியில் மிகப் பணிவாக, மேடம் எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவர் முகம் தெளிந்தது.

நான் வீடு வருவதற்குள் விஷயம் டொக்டருக்குப் போய், டொக்டரிடமிருந்து அண்ணாவுக்கு வந்துவிட்டது. கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணா என் முகத்தைப் பார்க்கவில்லை. இது பழி போடுவதல்ல, உங்களுக்குப் பிறகு அந்த மேசையில் கிடக்கப்போகிறவனுக்காக என்று விளக்கினேன். பேர்மிங்ஹாமில் இப்படித்தான் என்று தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறிடுவாய். எனக்குத் திரும்ப ஏதும் எண்டா, நான் அவரிட்டத்தானே போகவேணும்?"

கோபம் யார்மேல் என்றுகூடத் தெரியாமல், அவருடைய சேர்ட்டை உயர்த்திப் பழைய கட்டை அவிழ்த்துத் துடைத்து, மருந்து வைத்துப் புதிதாகக் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் யோசனை வந்தது, திங்கட்கிழமை இதை யார் செய்வது? அன்றைக்கு நான் முகம் தெரியாதவர்களின் காயங்களை விசாரித்துக்கொண்டிருப்பேன். போட்ட கட்டை மறுபடி அவிழ்த்தேன். அண்ணியைப் பக்கத்தில் இருத்தி, எப்படித் துடைப்பது, எப்படிக் கட்டுவது என்று காட்டிக்கொடுத்தேன். சிவப்புப் பரவினால், தொட்டுப் பார்க்கச் சூடு தெரிந்தால், ஒரு நாளும் பொறுக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும் என்றேன்.

அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"ஆரிட்டச் சொல்லுறது, மச்சாள்?"